வியர்க்காத வெயில்

வேலூர்க்காரனுக்கு யாரும் வெயிலைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கத்திரி வெயிலில் மட்டை பிடித்து வளர்ந்தவன் நான். ‘வேலூரில் 43 டிகிரி’ என்று பத்திரிகையில் வந்தால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊர் எங்களுடையது. 2022 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக அமெரிக்காவின் அரிசோனாவுக்குக் கிளம்பியபோது, அம்மா பெட்டிக்குள் வைத்த கறுப்புக் குடையை இரண்டு முறை வெளியே எடுத்துப் போட்டேன். பாலைவனத்தில் மழையா கொட்டப்போகிறது? மூன்றாவது முறை அம்மா அதைப் போர்வைக்குள் சுருட்டி வைத்துவிட்டார். பெட்டிக்கு அனுமதித்த 23 கிலோவில் அந்தக் குடையும் ஏறிக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்த இடம் டெம்பி. ஃபீனிக்ஸ் நகரை ஒட்டியே கிடக்கும் ஊர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் அங்கேதான் இருக்கிறது. ஊருக்கு நடுவே சால்ட் ஆறு என்று ஒன்று உண்டு. அதில் மேலே அணைகள் கட்டித் தேக்கிக்கொண்டதால் கீழே வெறும் கல்லும் மணலும். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆற்றின் ஒரு துண்டை மட்டும் இரண்டு பக்கமும் அடைத்து, 1999இல் தண்ணீர் நிரப்பி ஏரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2010இல் அதன் ரப்பர் அணை வெடித்து ஏரி ஒரே இரவில் காலியானது தனிக் கதை.

அங்கே வகுப்புகள் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தையொட்டித் தொடங்கும். ஆகவே இந்திய மாணவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் வாரங்களில் வந்து இறங்குவார்கள். கொதிக்கிற மாதத்தில், கையில் கார் இல்லாமல், வங்கி, செல்போன், வாடகை ஒப்பந்தம் என்று பத்து இடத்துக்கு அலைய வேண்டிய வேளையில் அந்த ஊரோடு முதல் அறிமுகம். யார் போட்ட முகூர்த்தமோ தெரியவில்லை.

மூன்றாம் நாள் வங்கிக் கணக்கு தொடங்கக் கிளம்பினேன். கைப்பேசி வரைபடம் இரண்டு கிலோமீட்டர் என்றது. மணி மூன்றரை. இரண்டு கிலோமீட்டருக்கு யாராவது டாக்சிக்குப் பணம் கொடுப்பார்களா? நடந்தேன். பாதி வழியில் ஒரு சந்தோஷம் கூட வந்தது: சட்டை நனையவே இல்லை. வேலூரில் பத்து நிமிடம் நடந்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுபிசுப்புதான் எனக்கு வெயிலை அளக்கும் மீட்டர். இங்கே அது இல்லை, அப்படியானால் இது லேசான வெயில் என்று என் புத்தி கணக்குப் போட்டது. வங்கி கண்ணில் படும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தலை விண்விண் என்று தெறித்தது. உள்ளே போய் நாற்காலியில் சரிந்தவன் குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் ஊழியர் எதுவும் கேட்காமல் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளையும் ஒரு சின்னப் பொட்டலம் உப்பு பிஸ்கட்டையும் கொண்டுவந்து வைத்தார். ஆகஸ்டில் அவருக்கு இது வாடிக்கை போலிருக்கிறது.

அன்றிரவு கழற்றிப் போட்ட கருநீலச் சட்டையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கழுத்தோரத்திலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், வரைபடத்தில் கடற்கரை போட்டது போல. நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. உப்பு. வியர்வை வழிவதற்கு முன்பே காய்ந்துபோய், உப்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. அதாவது நான் வியர்க்காமல் இல்லை. வேலூரில் வியர்ப்பதைவிட அதிகமாகவே வியர்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். “குடை எங்கே?” என்றார். மழைக்கு வைத்த குடையை எதற்குக் கேட்கிறார் என்று விழித்தேன். “மழைக்கென்று யார் சொன்னது? வெயிலுக்குத்தான் வைத்தேன்.”

அந்தக் குடையை அடுத்த நாளே எடுத்தேன். வளாகத்தில் ஆண்பிள்ளை குடை பிடித்து நடந்தால் முதல் வாரம் சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

என் அறைத்தோழர்கள் மூன்று பேரில் ஒருவன் ராஜஸ்தானின் பிகானீரிலிருந்து வந்தவன். பாலைவனத்துப் பிள்ளை. நான் அரைக்கை பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் கிளம்புவதைப் பார்த்துச் சிரிப்பான். அவன் முழுக்கை வெளிர்நிறப் பருத்திச் சட்டை, தலையில் ஒரு மெல்லிய துணி, கையில் ஒரு லிட்டர் தண்ணீர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டான். “தாகம் எடுத்த பிறகு குடித்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம், வெளியே போவதற்கு முன்னால் குடி” என்பது அவன் வீட்டுப் பாட்டி சொன்ன பாடம். நம் பக்கத்தில் வெயில் என்றால் துணியைக் குறைப்போம், காற்றுப் பட வேண்டும் என்று. அங்கே காற்றே சூளையிலிருந்து வருகிறது. தோலை மூடினால்தான் பிழைக்கலாம். தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாலும் போதாது, போன உப்பு திரும்ப வர வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, எதுவும் இல்லையென்றால் மருந்துக்கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். கால் இழுப்பதும் குமட்டுவதும் முதல் எச்சரிக்கை. உடனே நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் போய்விட வேண்டும். கூட வருபவருக்குப் பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் உளறினாலோ யோசிக்கவே கூடாது. அவசர உதவிக்கான 911 எண்ணை அழைத்துவிட்டு, உடம்பை நனைத்து விசிறுங்கள்.

பாலைத் திணைக்குப் பொழுது நண்பகல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஃபீனிக்ஸில் அந்த இலக்கணம் நான்கு மணி நேரம் தள்ளி வருகிறது. வெப்பம் உச்சத்துக்குப் போவது மாலை நான்கு, ஐந்து மணிக்கு. “மதியம் தாண்டிவிட்டது, இனித் தணிந்துவிடும்” என்று மூன்றரைக்குக் கிளம்பியதுதான் என் மூன்றாம் நாள் முட்டாள்தனம். பொழுது சாய்ந்தாலும் விடுதலை இல்லை. பகலெல்லாம் குடித்த சூட்டைத் தார்ச்சாலையும் கான்கிரீட்டும் இரவெல்லாம் கக்கும். 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. நம் கணக்கில் 43 டிகிரி. அந்த ஜூலையில் தொடர்ந்து 16 இரவுகள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நம் அக்கினி நட்சத்திரம் சுமார் இருபத்தைந்து நாளில் விடைபெறும். அங்கே 2024இல் 113 நாள் விடாமல் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோப்பா மாவட்டத்தில் 2023இல் மட்டும் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வீடற்றவர்கள். வெயில் எல்லோருக்கும் பொது என்று நினைத்திருந்தேன். அங்கே அது கார் இல்லாதவனையும் கூரை இல்லாதவனையும் தேடிப் பிடிக்கிறது.

கோடையில் என் நல்ல நேரம் விடியற்காலைதான். ஜூன் கடைசியில் ஐந்தரைக்குள் சூரியன் வந்துவிடும். மாணவர் உணவுக்கூடத்தில் காலை ஆறு மணி வேலையைப் பலர் தள்ளிவிடுவார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். 2024இல் அரிசோனாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 14.35 டாலர். அந்தப் பணத்தோடு, நாளில் நடக்க முடிகிற ஒரே நேரத்தில் நடையும் கிடைத்தது. சந்தைக்குப் போவது, துணி துவைப்பது எல்லாமே காலை எட்டுக்குள் அல்லது இரவு ஒன்பதுக்கு மேல். மலையேற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: கேமல்பேக் மலைப் பாதையைக் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் 2021 முதல் நகராட்சியே பகல் வேளையில் மூடிவிடுகிறது. திறந்திருக்கும் நாளிலும் ஜூனில் ஏற வேண்டாம். டிசம்பரில் ஏறுங்கள், அருமையாக இருக்கும்.

கார் இல்லாதவர்களுக்கு டெம்பியில் ஓர் ஆறுதல், ஆர்பிட் என்ற சிற்றுந்துகள். கட்டணம் இல்லை. தடங்களுக்குக் கோள்களின் பெயர்: மெர்க்குரி, வீனஸ், எர்த், மார்ஸ், ஜூபிடர். “எர்த் வரவில்லை, மார்ஸைப் பிடித்து வந்தேன்” என்று ஊருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பஸ் வரும், அதற்காகக் காத்திருப்பதுதான் பாடு. நிறுத்தத்து இரும்பு இருக்கையில் உட்கார முடியாது. விளக்குக் கம்பத்தின் நிழல் தரையில் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்திருக்கும். அந்தக் கோட்டுக்குள் ஆறேழு பேர் ஒருவர் பின் ஒருவராக, ரேஷன் கடை வரிசை போல, அசையாமல் நிற்பார்கள். நிழல் நகர்ந்தால் வரிசையும் நகரும். வழியெங்கும் வளர்த்திருப்பது பனைச் சாதி மரங்கள், பார்வைக்கு அழகு, நிழல் பூஜ்யம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். டெம்பியில் நிழலின் முகவரியும் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து எந்த வாசல் வழியாக வெளியேறினால் வெயிலில் குறைவாக நடக்கலாம் என்று ஒரு வரைபடம் இரண்டாம் மாதத்தில் மனதில் உருவாகிவிடும்.

சைக்கிள் வாங்கினேன். முதல் மாதத்திலேயே மூன்று முறை பஞ்சர். டயரிலிருந்து பிடுங்கிய முள்ளைப் பார்த்தால், நம் ஊர் நெருஞ்சி! அங்கே ஆட்டுத் தலை என்று பெயர், கொம்பு வைத்தது போல இருப்பதால். தாவரவியலில் இரண்டும் ஒன்றேதான். ஒன்பதாயிரம் மைல் தள்ளிப் போயும் நெருஞ்சி விடவில்லை. தடித்த ட்யூபும் உள்ளே ஓட்டையடைக்கும் பசையும் போட்ட பிறகுதான் தொல்லை அடங்கியது. வண்டியை வெயிலில் நிறுத்தினால் காற்றும் இறங்கும், இருக்கையும் வெடிக்கும்.

பிறகு நான்கு பேரும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினோம். குளிர்தான் பேட்டரியைக் கொல்லும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே வெயில் கொல்கிறது. இரண்டு, மூன்று வருடம் தாண்டினால் அதிசயம். பழைய கார் வாங்குகிறவர்கள் பேட்டரியின் வயதைக் கேளுங்கள், ஏசியை மதியம் மூன்று மணிக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் எல்லா ஏசியும் நன்றாகத்தான் குளிரும். முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு, ஸ்டியரிங் பிடிக்க ஒரு துணி, இந்த இரண்டும் இல்லாமல் ஓட்ட முடியாது. மாத்திரை, சோடா டப்பா, கைப்பேசி எதையும் காருக்குள் விட வேண்டாம். செருப்பில்லாமல் கார் வரைக்கும் ஓடிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். தரையில் விழுந்தவர்கள் தீக்காயப் பிரிவில் சேர்வது அங்கே ஒவ்வொரு கோடையிலும் செய்தி.

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்த்து ஏமாந்தோம். மேல் மாடி, மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். ‘சூரிய அஸ்தமனம் தெரியும்’ என்று காட்டியவர் சொன்னார். தெரிந்தது, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறைக்குள்ளேயே. எங்கள் மின்சாரம் முன்பணத் திட்டத்தில் இருந்தது. சமையலறையில் ஒரு சின்னப் பெட்டி மீதிப் பணத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஜனவரியில் ஒரு நாளைக்கு இரண்டு டாலர் கூடக் குறையாது. ஜூலையில் ஆட்டோ மீட்டர் போல ஓடி ஏழு டாலரை விழுங்கும். ஏசியை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதில் நான்கு பேருக்குள் நடந்த போரை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஐதராபாத்காரனுக்கு 72 ஃபாரன்ஹீட், பிகானீருக்கு 82. கடைசியில் 78இல் உடன்படிக்கை. சுவரில் எழுதி ஒட்டிக் கையெழுத்தும் போட்டோம்.

அந்த 2023 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏசி நின்றது. அடுக்ககத்து அலுவலகம் பூட்டியாகிவிட்டது. திங்கட்கிழமைதான் பதில் வந்தது. வீட்டுக்குள் 96 ஃபாரன்ஹீட். குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும், அந்த ஊர்க் கோடையில் அப்படித்தான். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓர் இரவு, நண்பர் வீட்டுத் தரையில் இரண்டு இரவு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே விடுமுறை நாள் அவசர எண்ணைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஏசியோடு கொடுத்த வீட்டில் அதைச் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. புகாரைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நிறுத்தாமல் மின்னஞ்சலிலும் எழுதுங்கள், வெப்பநிலை காட்டும் படத்தோடு. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு: நூலகத்துக்குள் ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். என் பையில் குடையும் ஸ்வெட்டரும் ஒன்றாகவே கிடந்தன.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்; ஆனால் கடினநீர், வாய்க்கு ஒவ்வவில்லை. தண்ணீரும் பனிக்கட்டியும் மட்டுமே விற்கும் கடைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஐந்து கேலன் குடுவையைத் தூக்கிக்கொண்டு போய் நிரப்பி வருவோம். கிட்டத்தட்ட நம் தண்ணீர்க் கேன் அளவேதான்.

வெயில் அல்லாமல் என்னைக் கவிழ்த்தது கடிகாரம். அரிசோனா கோடையில் மற்ற மாநிலங்களைப் போல மணியை முன்னே தள்ளுவதில்லை. 1967இல் செய்து பார்த்துவிட்டு அடுத்த வருடமே கைவிட்டார்கள். மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் வெயில் யாருக்கு வேண்டும்? ஊருக்குப் பேச இது வசதி. வருடம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், மாறாது; இரவு எட்டுக்குக் கூப்பிட்டால் அம்மா காலை எட்டரைக்குக் காப்பியோடு இருப்பார். ஆனால் நியூயார்க்குக்கும் அரிசோனாவுக்கும் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம், கோடையில் மூன்று. 2024 மார்ச்சில், கிழக்குக் கரையிலிருந்த ஒரு நிறுவனம் அவர்கள் நேரப்படி காலை பதினொன்றுக்கு நேர்காணல் வைத்தது. நான் ஒன்பது மணி என்று சுவர் நாள்காட்டியில் கையால் எழுதிவைத்தேன். இடையில் 10ஆம் தேதி ஞாயிறு அவர்கள் கடிகாரம் நகர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டை கட்டிக்கொண்டு எட்டு ஐம்பத்தைந்துக்குத் திரைக்கு முன் உட்கார்ந்தேன். நேர்காணல் எட்டு மணிக்கே தொடங்கி, ஆளில்லாமல் முடிந்திருந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், மறு வாய்ப்பு வரவில்லை. அழைப்பு வந்தால் மின்னஞ்சலிலிருந்தே நாள்காட்டியில் ஏற்றிவிடுங்கள். உங்கள் மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

சமையலில் அந்த ஊர் எனக்குக் கடன்பட்டதைத் திருப்பிக் கொடுத்தது. ஏசி அறைக்குள் இட்லி மாவு சீக்கிரம் புளிக்காது. பால்கனியில் வைத்தால் ஜூனில் சில மணி நேரம் போதும். முதல் முறை இரவு பத்துக்கு வைத்துவிட்டுத் தூங்கி, விடியலில் பார்த்தபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் இறங்கியிருந்தது. வளாகத்திலும் அடுக்ககத்து முற்றங்களிலும் கசப்பு ஆரஞ்சு மரங்கள் நிற்கும். அந்தப் பழத்தைச் சாப்பிட முடியாது என்று உதிர விட்டிருப்பார்கள். கடித்துப் பார்த்தேன், நாரத்தங்காயின் ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் முற்றத்து மரத்தில் பறிக்க அனுமதி கேட்டபோது, அதை எதற்குத் தின்கிறாய் என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, ஜனவரி வெயிலில் காய வைத்தேன். அந்தக் காற்றுக்கு ஈரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு வாரத்தில் ஊறுகாய் தயார்.

மோர்மிளகாய்தான் உச்சம். இரவில் மோரில் ஊறப்போட்டுப் பகலில் தட்டில் பரப்பினால், இரண்டாம் நாளே கலகலவென்று சத்தம் போடும். ஒரு ஜூலை மாலை அந்தத் தட்டை வெளியே வைத்துவிட்டு நானும் பிகானீர்க்காரனும் காரில் கடைக்குப் போனோம். தெற்கே அடிவானத்தில் பழுப்பு மலை ஒன்று எழுந்து நின்றது. அங்கே அந்தப் பக்கம் மலை இல்லையே என்று நான் யோசிப்பதற்குள் அவன் வண்டியைச் சாலையைவிட்டு நன்றாக ஒதுக்கினான். எஞ்சினை நிறுத்தினான், எல்லா விளக்கையும் அணைத்தான், பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். பின்னால் வருபவர்கள் புழுதியில் நம் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பி வந்து மோதுவார்களாம். ஹபூப் என்ற அந்தப் புழுதிச் சுவர் எங்களைத் தாண்டிப் போகப் பதினைந்து நிமிடம் ஆனது. நண்பகல் போல இருந்த ஆறு மணி நள்ளிரவாகிவிட்டது. அதன் பின்னாலேயே மழை. அந்த ஊருக்கு வருடம் முழுவதற்கும் ஏழு அங்குலம்தான். முதல் துளி விழுந்ததும் கிரியோசோட் என்ற புதரின் வாசனை நகரமெங்கும் எழும். கற்பூரமும் ஈர மண்ணும் கலந்தது போல. அடுக்ககமே பால்கனிக்கு வந்து நின்றது. என் மோர்மிளகாய் சேறாகியிருந்தது.

புழுதி காட்சியோடு முடிவதில்லை. அந்த மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை நுரையீரலுக்குள் போனால் வேலி ஃபீவர் என்ற நோய் வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஐதராபாத் நண்பனுக்கு ஆறு வாரம் இருமலும் அசதியும். சாதாரணச் சளி என்றே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருமல் இரண்டு, மூன்று வாரத்தில் நிற்கவில்லையென்றால் அந்த நோயின் பெயரைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். தேள் பற்றியும் கேட்பார்கள்: உண்டு. புற ஊதா டார்ச்சில் பச்சையாக ஒளிரும். காலணியைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

போன மாதம் காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். ஆகஸ்டில் டெம்பிக்குப் போகிறானாம். “அண்ணா, பெட்டியில் என்னென்ன வைக்கட்டும்?” என்றான். குடை, முழுக்கைப் பருத்திச் சட்டை நான்கு, ஒரு ஸ்வெட்டர், ஓ.ஆர்.எஸ். இருபது பொட்டலம், சின்ன மிக்ஸி வேண்டாம் அங்கே மின்னழுத்தம் வேறு, பிரஷர் குக்கர் கட்டாயம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா மோர்மிளகாய் இரண்டு கிலோ போட்டு வைத்திருக்கிறார் என்றான். அரைக் கிலோ போதும், மீதி இடத்தில் ஒரு நல்ல தட்டு வை என்றேன்.